பின்படிக்கு அடியில் ஒரு செய்வினை

என் கையெழுத்தைப் பார்த்து ஒரு லயனே நடுங்கியிருக்கிறது. சும்மா சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆட்கள் குடியிருந்த லயன் வரிசை வீடுகளில் ஒரு சனிக்கிழமை ஆரம்பித்த நடுக்கம் மறுநாள் மத்தியானம்தான் நின்றது. அதற்குள் செந்தூலிலிருந்து பூசாரியை வரவழைத்து, கோழியை நேர்ந்து, முற்றத்தில் சாம்பலால் வட்டம் போட்டு, பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்து, செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டார்கள். எழுதிய நான் மட்டும் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் மாரியாயி. சின்ன வயசில் எனக்கு அம்மை போட்டது. அம்மன் பெயரையே வைத்திருக்கிறோமே, பார்த்து நடந்துகொள்வாள் என்று என்னைப் பெற்றவள் நம்பியிருந்தாளாம். அம்மன் வந்து இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டு போனாள். பெற்றவர்கள் போனபிறகு அண்ணன் சின்னையாவின் வீடுதான் என் வீடு. அண்ணனுக்கு எஞ்சின் கொட்டகையில் வேலை. வீட்டில் அவருக்கு இருந்த ஒரே வேலை, அண்ணி சொல்வதற்குத் தலையாட்டுவது. கண் தெரியாதவளுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அண்ணி ஒன்றைச் சொல்லி, அண்ணன் வாயே திறக்காமல், "சரி, அப்ப அப்படியே செய்வோம்" என்று அண்ணியே முடித்தால், நடுவில் வேறென்ன நடந்திருக்கும்?

அண்ணி இராஜம்மா குள்ளம் என்பார்கள். குரல் குள்ளமில்லை. விடிகாலையில் கொட்டகை ஆட்களுக்கு இட்லி விற்பாள். அவள் வருவது மெட்டிச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். சிமெண்டுத் தரையில் டிக், டிக் என்று கோபமாகவே நடப்பாள். அந்த இட்லிக்கு மாவு ஆட்டுவது நான்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் லயனுக்கு எதிரே கிராணிமார் என்கிற குமாஸ்தாக்களின் வீடுகளில் மகதலேனா டீச்சர் குடியிருந்தார். அவர் தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லையாம். திருநெல்வேலிப் பக்கம் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது இவரும் கூடவே உட்கார்ந்து புள்ளி எழுத்தைக் கற்றுக்கொண்டாராம். சும்மா இருக்கிற பொழுதுக்கு என்னைப் பிடித்து எனக்கும் சொல்லிக்கொடுத்தார்.

புள்ளி எழுத்து என்றால் கோலப் புள்ளி இல்லை. தாளில் விரல் நுனிக்குத் தட்டுப்படுகிற மாதிரி குத்தி எழுப்புகிற புள்ளி. ஓர் எழுத்துக்கு ஆறு இடம். எந்தெந்த இடம் எழும்பியிருக்கிறது என்பதை வைத்து இது 'க', இது 'ம' என்று விரல் கண்டுகொள்ளும். எழுதுவதற்கு ஒரு பித்தளைத் தகடு உண்டு. புத்தகம் மாதிரி இரண்டாக விரியும். கீழ்த் தகட்டில் குழிகள், மேல் தகட்டில் சின்னச் சின்ன ஜன்னல்கள். நடுவில் தடித்த தாளை வைத்து மூடி, மரப்பிடி போட்ட ஆணியால் ஜன்னல் ஜன்னலாகக் குத்திக்கொண்டே போக வேண்டும், அதுவும் வலமிருந்து இடமாக. முடித்துவிட்டுத் தாளைத் திருப்பினால் புள்ளிகள் எழும்பி நிற்கும். அப்போது இடமிருந்து வலமாக வாசிக்கலாம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பூசாரி வரும்போது தேவைப்படும்.

டீச்சரின் புருஷனுக்குக் கிள்ளான் ஸ்டேஷனுக்கு மாற்றல் ஆனது. அங்கே மாதா கோயில் விறாந்தையில் பார்வையில்லாத பிள்ளைகளுக்கு வகுப்பு ஆரம்பிக்கப் போவதாக ஒரு நாள் வந்து சொன்னார்.

"நான் கண்ணால பாத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். நீ விரலால படிக்கிறவ. நீ சொல்லிக்கொடுத்தாதான் பிள்ளைங்க பிடிச்சுக்கும். வரியா மாரியாயி? எங்க வீட்லயே இருந்துக்கலாம்."

 வருகிறேன் என்று சொன்னேனா, அழுதேனா, நினைவில்லை. யார் வீட்டு மூலையிலோ உட்கார்ந்து உட்கார்ந்து மூலையாகவே ஆகிவிடுவேன் என்று பயந்துகொண்டிருந்தவளிடம் வந்து, நீ டீச்சர் ஆகிறாயா என்று ஒருவர் கேட்டால் எப்படி இருக்கும்? அந்த வேலை எனக்கு வேண்டும். உசிரைக் கொடுத்தாவது வேண்டும்.

"ரெண்டு விஷயம்," என்றார் டீச்சர். "இந்தத் தகடு ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு கடல் தாண்டி வரணும். உன்கிட்ட விட்டுட்டுப் போறேன், பத்திரமா வச்சிரு. இது இல்லாம வகுப்பே இல்லை. அப்புறம், உன் கையால ஒரு பக்கம் முழுக்க, பிழையில்லாம எழுதி வை. மாதா கோயில் சாமியார் பாக்கணும்னு சொல்றாரு. அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து உங்க அண்ணன்கிட்ட கேக்கிறேன்."

"என்ன எழுதறது டீச்சர்?"

"உனக்குத் தெரிஞ்ச மனுஷங்களைப் பத்தி எழுது. உண்மையை எழுது, போதும்."

என்னைப் போய் உண்மையை எழுதச் சொல்லலாமா? தண்ணீருக்குப் போகிற நேரம் தவிர நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவள் நான். லயனில் என் காதுக்குத் தப்பியது எது?

அண்ணியிடம் கிள்ளான் பேச்சை எடுத்தேன். "போயிட்டா மாவு எவ ஆட்டுவா?" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. தகட்டில் டக் டக்கென்று குத்தும் சத்தம் மண்டையைப் பிளக்கிறதாம். இன்னொரு முறை சத்தம் கேட்டால் பழைய சாமான் எடுக்க வருகிற சீனனிடம் தகட்டைப் போட்டுவிடுவேன் என்றாள். அண்ணி சொன்னால் செய்வாள்.

ஆகவே நான் அடுத்த வீட்டுப் பின்படிக்குக் குடிபெயர்ந்தேன். அது புஷ்பவல்லி அக்கா வீடு. மத்தியானத்தில் அவள் தூங்கிவிடுவாள், கொய்யா மரத்து நிழலும் உண்டு. படிக்கு அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. எழுதி முடித்ததும் எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டு வருவேன். பித்தளை களிம்பேறாமல் இருக்கத் துணி சுற்றினேன். கையில் கிடைத்தது பத்துமலைக்கு நேர்ந்து உடுத்திய மஞ்சள் துணி. தாளைப் பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலை போட்டேன். இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் புத்திசாலித்தனம்தான்.

டீச்சர் வருவதற்கு முதல் நாள் புஷ்பவல்லி அக்கா தூங்கவில்லை. அவள் கோழி கொஞ்ச நாளாகக் கூண்டில் முட்டை வைக்கவில்லை. எங்கேயாவது திருட்டுத்தனமாக இடுகிறதோ என்று தேடிக்கொண்டு வந்து, பின்படிப் பொந்துக்குள் கையை விட்டாள்.

அவள் போட்ட சத்தத்தில் கொட்டகையில் எஞ்சினே ஒரு கணம் நின்றது போலிருந்தது எனக்கு.

"ஐயோ! மஞ்சத் துணி! வேப்பிலை! ஆணி! தகடு! எவளோ எனக்குச் செய்வினை வச்சிட்டாளே!"

லயன் மொத்தமும் கூடிவிட்டது. தடித்த தாள் முழுக்க ஆயிரம் குத்துக் குத்தியிருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். தகட்டில் கட்டம் கட்டமாக இருக்கிறது என்று இன்னொருத்தி சொன்னாள். புஷ்பவல்லி அக்காவுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. கோழி முட்டை வைக்காதது இதனால்தான். அவள் புருஷன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டது இதனால்தான். அவளுடைய கடைவாய்ப் பல் வீங்கியதும் இதனால்தான்.

"என்னோடதுதான் அக்கா" என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால், இதில் என்னடி எழுதியிருக்கிறாய் என்று கேட்பாளே! அந்தத் தாளில் முக்கால்வாசி புஷ்பவல்லி அக்காதான் இருந்தாள். அவளை அதில் நான் கும்பிட்டு வைக்கவில்லை.

வேறு வழி யோசித்தேன். எழுந்து தடவிக்கொண்டு கூட்டத்துக்குள் போனேன்.

"அக்கா, செய்வினை கண் வழியாத்தானே உள்ள போகும்? எனக்குத்தான் அந்த வாசலே அடைச்சிருக்கே. என்னை ஒண்ணும் பண்ணாது. குடுங்க, நான் கொண்டுபோய் எறிஞ்சிட்டு வரேன்."

கூட்டத்தில் ஒரு மதிப்பு உண்டானது. புஷ்பவல்லி அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இந்தக் குருட்டு மாரிக்கு இருக்கிற தைரியம் எவளுக்கும் இல்லையே" என்றாள். மூட்டை என் கைக்கு வர ஒரு முழம்தான் பாக்கி. அப்போது பின்னாலிருந்து டிக் டிக் டிக்.

"கையை எடுடி!" என்றாள் அண்ணி. என் தோளைப் பிடித்து ஒரே இழுப்பு. "எதுவும் பண்ணாதுன்னு உனக்கு எவன் சொன்னான்? இருந்த கண்ணுதான் போச்சு, கையும் போகணுமா? புஷ்பவல்லி, உன் சூனியத்தைத் தொட என் வீட்டுப் பிள்ளைதான் கிடைச்சாளா?"

அண்ணி என்னைப் 'பிள்ளை' என்று சொன்னதில் எனக்கு ஒரு பக்கம் நெஞ்சு இளகியது. இன்னொரு பக்கம், கொஞ்சம் பொறுத்து வந்து பாசம் காட்டியிருக்கக் கூடாதா என்று அழுகையாக வந்தது. மூட்டையை முறத்தில் வைத்து, முற்றத்தில் சாம்பல் வட்டத்துக்குள் இறக்கி, முறை போட்டுக் காவல் காத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசாரி நாகையா வந்து சேர்ந்தார். வெற்றிலை குதப்பிய கனத்த குரல். புஷ்பவல்லி அக்கா காப்பி ஊற்றிக்கொண்டே, எங்கள் வீட்டோடு கொடிக்கயிற்றுக்காகப் போட்ட பழைய சண்டையை அவரிடம் ஒப்பித்ததை உரலருகே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவர் வட்டத்துக்குள் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தார். தாளை விரித்து உஸ்ஸென்று மூச்சு விட்டார்.

"இது மலையாளத்து வேலை. ஒவ்வொரு குத்தும் உசுரைக் குத்தின குத்து. செஞ்சது ஒரு பொம்பளை. குள்ளமான பொம்பளை. உனக்குக் கிழக்குப் பக்கத்து வீடு. அந்த வீட்ல எப்பவும் ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்."

கிழக்குப் பக்கத்து வீடு எங்கள் வீடு. அந்தச் சத்தம் என் ஆட்டுக்கல். 

"நானா?" என்றாள் அண்ணி. "நானா செஞ்சேன்? யாரு வீட்டுக்கும் ஒரு கெடுதல் நினைச்சிருப்பேனா நான்? சூடத்தை ஏத்துங்க. அணைச்சு சத்தியம் பண்றேன்."

"சத்தியம் பண்ணு, பண்ணாமப் போ," என்றார் பூசாரி. "சாமான் ஆத்துக்குப் போகணும். தகடு, ஆணி, தாளு, எல்லாம் கிள்ளான் ஆத்துல நடு ஓட்டத்துல விழணும். அந்தப் பொம்பளையை லயனை விட்டு அனுப்பணுமா வேணாமான்னு நீங்க பாத்துக்குங்க."

அண்ணியின் குரல் உடைந்தது. என்னை எத்தனை வசவு வைதபோதும் உடையாத குரல். அதைக் கேட்டதும் என் கை உளுந்து மாவிலிருந்து தானாக எழுந்துவிட்டது.

"அது என்னோடது," என்றேன். "எழுதினதும் நான்தான்."

முதலில் ஒருவரும் காதில் வாங்கவில்லை. நான் மறுபடி சொன்னேன். தகடு எதற்கு, ஆணி எதற்கு, வேப்பிலை எதற்கு என்று சொல்லிக்கொண்டே போனேன். சிரிப்பு எழுந்தது. குருடியாவது எழுதுவதாவது, அண்ணியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் பாவம் என்றார்கள். புஷ்பவல்லி அக்கா 'உச்' கொட்டினாள்.

"எழுதினது நீயின்னா படிச்சுக் காட்டு," என்று பூசாரி தாளை நீட்டினார். தொட்டுப் பார்த்தேன். விரலுக்கு ஒரு புள்ளியும் ஏறவில்லை, எல்லாம் குழி.

"சாமி, இவ்வளவு நேரமும் தாளைக் கவுத்துப் போட்டுல்ல படிச்சிருக்கீங்க," என்றேன். "நல்ல பக்கம் அடியில இருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். நான் தாளைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டேன். புள்ளிகள் விரலுக்கடியில் வரிசையாக வந்தன. முதல் வரியே 'புஷ்பவல்லி அக்கா மீன் குழம்பு வைத்தால் பூனை தண்டவாளம் தாண்டி ஓடும்.' நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"புஷ்பவல்லி அக்கா மீன் குழம்பு வைத்தால் மணம் மலாய்க்காரர் கம்பம் வரைக்கும் வீசும்," என்று வாசித்தேன். "அவர்கள் தங்கமான மனசுக்காரர். அவர்கள் வீட்டுக்காரர் ஒழுக்கமானவர். அவர்கள் கோழி லட்சுமி கடாட்சமுள்ள கோழி."

"அடி என் தங்கமே!" என்றாள் புஷ்பவல்லி அக்கா.

"நிறுத்து," என்றார் பூசாரி. சூனியம் எடுப்பவருக்கு எப்படியோ, புளுகு தெரிந்துவிடும், தொழில் அப்படி. "வாய்க்கு வந்ததைச் சொல்றா. இதுல அதுதான் இருக்குன்னு யாரு கண்டா? இந்த லயன்ல இதைப் படிக்க இன்னொரு ஆள் இருக்கா? இல்லை. அப்ப ஆத்துக்குத்தான் போகணும்."

அந்தச் சமயம் பார்த்து எதிர்ப்பக்கத்திலிருந்து குடை மடக்கும் சத்தம். "என்ன கூட்டம் இங்க?" என்றார் மகதலேனா டீச்சர். பூசை முடிந்து, சொன்னபடி வந்துவிட்டார்.

நான் பாய்ந்து எழுந்தேன். பூசாரி என்னை முந்திக்கொண்டார். "அம்மா, உங்களுக்கு இது படிக்கத் தெரியுமா? தெரியுமா! நல்லது. நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது பிள்ளை. இந்தம்மா படிக்கட்டும். நீ படிச்சதும் இவங்க படிக்கிறதும் ஒண்ணா இருந்தா, நான் இப்படியே எழுந்து போயிடறேன்."

நான் இருமினேன். மறுபடி இருமினேன். டீச்சர் நல்லவர், சூது தெரியாதவர். "இருமலுக்குத் துளசி குடி" என்று சொல்லிவிட்டுத் தாளை வாங்கினார். அவர் கண்ணால் வாசிப்பவர்; வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் புள்ளியின் நிழல் அவருக்குத் தெரியும். காகிதம் திரும்பும் சத்தம் கேட்டது. "புஷ்பவல்லி அக்கா மீன் குழம்பு வைத்தால் பூனை..." என்று ஆரம்பித்தார், நின்றார்.

"மாரியாயி," என்றார் மெதுவாக, "படிக்கட்டுமா?"

 இங்கே நான் ஒரு வார்த்தை சொன்னால் டீச்சர் நிறுத்திவிடுவார். தகடு ஆற்றுக்குப் போகும், கிள்ளானும் கூடவே போகும், அண்ணி செய்வினைக்காரியாகவே இருந்துவிடுவாள். படித்தால் இந்த லயனில் நான் தலைகாட்ட முடியாது. காட்டாவிட்டால் போகிறது.

"படிங்க டீச்சர்," என்றேன். "ஒண்ணையும் விடாமப் படிங்க."

படித்தார். பூனை தண்டவாளம் தாண்டி ஓடியது. பிறகு, "புஷ்பவல்லி அக்காவின் கோழி முட்டை வைக்காமல் இல்லை. குளியல் கொட்டகைக்குப் பின்னால் பழைய கூடையில் வைக்கிறது. தினமும் அங்கேயிருந்துதான் கொக்கரிக்கிறது. நான் சொல்ல மாட்டேன். ஏனென்றால் அவள் என்னைக் குருட்டு மாரி என்கிறாள். அவள் புருஷனின் சைக்கிள் மணி, கள்ளுக்கடைப் பக்கமிருந்து வரும்போது மட்டும் ரோட்டின் இரண்டு ஓரத்திலும் மாறி மாறி அடிக்கிறது. என்றைக்காவது விழுவார். அக்காவுக்குப் பல் கெட்டுப்போகும். எல்லோரும் தூங்கும்போது குலா மலாக்கா வெல்லத்தை வாயில் அடக்கிச் சப்புகிறாள். கட்டி பல்லில் இடிபடும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கிறது."

"பாத்தீங்களா!" என்று துள்ளினார் பூசாரி. "ஒரு வார்த்தை ஒத்துப்போகலை! எல்லாம் பொய்!"

ஆனால் புஷ்பவல்லி அக்கா அங்கே இல்லை. குளியல் கொட்டகைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். கோழி படபடவென்று இறக்கையடிக்கும் சத்தம். பிறகு, "ஐயோ, கூடை நிறைய!" என்று ஒரு கூவல். அந்தக் கூவலில் செய்வினை போன இடம் தெரியவில்லை. அவள் புருஷன் எங்கேயோ சட்டென்று வேலை இருப்பது போல் நொண்டிக்கொண்டே நழுவினார். சிரிப்பு ஒரு மூலையில் ஆரம்பித்து முற்றம் முழுக்கப் பரவியது. திரும்பி வந்த புஷ்பவல்லி அக்காவுக்கு என்னை அடிப்பதா, முட்டையை எண்ணுவதா என்று தெரியவில்லை. "அடிப் பாவி! அத்தனையும் நிஜமால்ல இருக்கு லா!" என்றாள். ஒரு கன்னம் வீங்கிய குரலில் சொன்னாள்.

பூசாரி நேர்ந்த கோழியைக் கேட்டார். முட்டை வைக்கிற கோழியை எவளாவது கொடுப்பாளா என்று அவள் அவர்மேல் பாய்ந்தாள். போகிற போக்கில் அவர் டீச்சரிடம் தாழ்ந்த குரலில், "என் பேரு அதுல இல்லையேம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றார் டீச்சர்.

நான் அதை மறந்தே போயிருந்தேன். கடைசி வரிகளை யாருக்காக எழுதினேனோ, அவள் கேட்பாள் என்று நினைத்து எழுதவில்லை. "போதும் டீச்சர்," என்றேன். டீச்சர் நான் முதலில் சொன்னதைத்தான் கேட்டார். ஒன்றையும் விடவில்லை.

"என் அண்ணி என்னைக் கிள்ளானுக்கு விடமாட்டாள். மாவு ஆட்ட ஆள் இல்லை என்று சொல்வாள். அது பொய். நான் தண்ணீருக்குப் போகும் வழியில் தண்டவாளம் இருக்கிறது. நான் குடத்தை எடுத்ததும் வீட்டுக்குள் மெட்டிச் சத்தம் நிற்கும். ஜன்னல் கட்டையில் மெட்டியைக் கழற்றி வைக்கிற சத்தம் கேட்கும். பிறகு எனக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஜல்லியில் ஒரு கால் வரும். நான் கடந்து திரும்பும்வரை கூடவே வரும். எனக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிறாள். மெட்டி இல்லாத காலும் எனக்குத் தெரியும். அவள் நடையை விட்டுவிட்டு நான் எப்படிக் கிள்ளானுக்குப் போவேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் போக வேண்டும்."

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு ஒருத்தி, "புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மெட்டியைக் கழட்டுறதா!" என்று மூச்சை இழுத்தாள். செய்வினையைவிட இது பெரிய சமாச்சாரம் ஆகிவிட்டது.

"ஆமா, கழட்டினேன்," என்றாள் அண்ணி. "அதுக்கென்ன? என் புருஷன் நல்லாத்தானே இருக்காரு, இதோ நிக்கிறாரே. சத்தம் கேட்டா இவ குதிப்பா. நான் என்ன சின்னப் பிள்ளையா, என் பின்னால ஏன் வரேன்னு சண்டைக்கு வருவா. அந்த ரயில்காரன் ஊதிட்டா வரான்?"

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. தலையாட்டியிருப்பார்.

எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. மாவுக் கையோடு முகத்தைத் துடைத்து, முகமெல்லாம் உளுந்து. அண்ணி முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டாள், வலிக்கிற மாதிரி. துடைத்துக்கொண்டே, என்னிடம் இல்லை, டீச்சரிடம் கேட்டாள்.

"கிள்ளான்ல உங்க வீட்டுக்குத் தண்ணிக் குழாய் எங்க இருக்கு?"

"வீட்டுக்குள்ளயே இருக்கு," என்றார் டீச்சர். "சமையல்கட்டுல."

"தண்டவாளம்?"

"அது அந்தாண்ட. வகுப்புக்குப் போற வழியில ஒண்ணும் குறுக்கே வராது."

அண்ணி சாம்பல் வட்டத்துக்குள் போய்க் குனிந்து தகட்டையும் ஆணியையும் எடுத்தாள். மஞ்சள் துணியில் சுற்றி, வேப்பிலையைக்கூட விடாமல் உள்ளே வைத்து, என் கையில் திணித்தாள். "மாவை நான் ஆட்டிக்கிறேன்," என்றாள். "சரி, அப்ப அப்படியே செய்வோம்."

சாமியார் அந்தப் பக்கத்தைக் கேட்டுவிட்டு, பிழை ஒன்றும் இல்லை, அடக்கம்தான் கொஞ்சம் போதாது என்றாராம். வேலை கிடைத்தது.

நான் கிளம்பிய அன்று மத்தியானம் அண்ணி வழியனுப்ப வரமாட்டேன் என்றுவிட்டாள். இட்லிக்கு உளுந்து ஊறுகிறதாம், வெயிலாம், கால் வலிக்கிறதாம். புஷ்பவல்லி அக்கா எனக்கு அவித்த முட்டை கட்டிக் கொடுத்து, "போய் வா குரு..." என்று ஆரம்பித்து, விழுங்கிக்கொண்டு, "மாரியாயி" என்றாள். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொள்ள, லயனைத் தாண்டி ஸ்டேஷனைப் பார்த்து நடந்தோம்.

தண்டவாளத்தைக் கடந்து கொஞ்ச தூரம் போயிருப்போம். பின்னால் கல் பாவிய ரோட்டில் டிக், டிக். நான் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது. டீச்சர் திரும்பிப் பார்க்கப் போனார், நான் கையை அழுத்தினேன்.

"யாரு பின்னால வரது?" என்று உரக்கக் கேட்டேன்.

"யாருமில்லை, நீ உன் பாட்டுக்கு நட," என்றது அண்ணியின் குரல். "திரும்பிப் பாக்காதே."

"திரும்பினா மட்டும் என்ன தெரிஞ்சிடப் போகுது அண்ணி?"

அவள் சிரித்தாளா, அழுதாளா, சொல்லத் தெரியவில்லை. ஸ்டேஷன் வரைக்கும் வந்தாள். மெட்டியைக் கழற்றவில்லை.